ஒரு ஸ்டேஷன் தள்ளிப்போன ஊர்

சென்ட்ரலில் மெட்ரோ ரயில் ஏறி வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன் ஹைகோர்ட். அதற்கடுத்தது மண்ணடி. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர்தான். பூமிக்கடியில் ஏ.சி. குளிரில் இரண்டு நிமிஷப் பயணம். உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இதே ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஓர் ஊருக்குப் பத்துப் பதினோரு வருஷம் பிடித்தது. ஊர் என்றால் ஊரேதான். வீடு, கடை, கோயில், கோயிலுக்குள் இருந்த சாமி, எல்லாவற்றுக்கும் மேலே மாட்டியிருந்த பெயர். அத்தனையும் ஹைகோர்ட்டிலிருந்து கிளம்பி மண்ணடிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. யாரும் ஆசைப்பட்டுப் போகவில்லை. போகச் சொன்னார்கள், போனார்கள்.

2019 பிப்ரவரி 10-ம் தேதி இந்த இரண்டு ஸ்டேஷன்களும் திறக்கப்பட்டன. ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பிராட்வே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, 'இன்னும் எவ்வளவு நேரம்பா ஆகும்?' என்று ஆட்டோக்காரரைப் பிடுங்கவேண்டிய அவசியம் இல்லை. மண்ணடியில் இறங்குங்கள். நடந்து ஹைகோர்ட் ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேறுங்கள். இடையில் இருப்பது சென்னையின் பாதி சரித்திரம்.

ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தால் ஸ்டேஷனரிக் கடையும் கல்யாணப் பத்திரிகைக் கடையும்தான் கண்ணில் படும். ஆகவே, முதலில் கொஞ்சம் பழைய கணக்கு.

*

1639 ஆகஸ்ட் 22. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, நாயக்கர்களிடமிருந்து ஒரு கடற்கரை மணல்திட்டை வாங்கினார். அடுத்த வருஷமே கோட்டை கட்டும் வேலை ஆரம்பம். கோட்டை வந்தால் வியாபாரம் வரும். வியாபாரம் வந்தால் ஜனம் வரும். நெசவாளிகள், துணிக்குச் சாயம் போடுகிறவர்கள், வெள்ளைக்காரனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் நடுவே பேசிக்கொடுத்துக் கமிஷன் வாங்குகிற துபாஷிகள், செட்டியார்கள், முதலியார்கள் என்று வரிசையாக வந்து இறங்கினார்கள்.

கோட்டைக்குள்ளே ஐரோப்பியர்கள் இருந்த இடம் வொயிட் டவுன். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, மற்றவர்கள் இருந்த இடம் பிளாக் டவுன். தமிழில், கறுப்பர் நகரம். பெயர் வைப்பதில் கம்பெனிக்காரர்கள் ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை.

இந்தப் பழைய பிளாக் டவுன் எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்குக் கறுப்பு கோட்டு போட்ட வக்கீல்கள் ஃபைலும் கையுமாக ஓடிக்கொண்டிருக்கும் ஹைகோர்ட் வளாகம் இருக்கிறதே, அங்கேதான். ஹைகோர்ட், பழைய சட்டக் கல்லூரி, சுற்றியிருக்கும் மைதானம் எல்லாமாகச் சேர்ந்து ஒரு காலத்தில் நெருக்கமான தெருக்களும் வீடுகளும் கொண்ட ஊர். நடுவில் சென்னகேசவப் பெருமாள் கோயில். 1640-களிலேயே எழுந்துவிட்ட கோயில் அது. சென்னப்பட்டணத்துக்கு அதுதான் பட்டணம் கோயில்.

நூறு வருஷம் இப்படியே போனது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்.

ஐரோப்பாவில் இரண்டு பேருக்கும் சண்டை. அங்கே அடித்துக்கொண்டால் இங்கேயும் அடித்துக்கொள்வது வழக்கம். செப்டம்பர் மாதம் லா போர்தொனே என்ற தளபதி கப்பல்களோடு வந்து நின்றார். சில நாள் பீரங்கி வெடித்தது. கோட்டை சரண். கைதானவர்களில் கம்பெனியின் ஒரு சின்ன குமாஸ்தாவும் உண்டு. அவர் உள்ளூர்க்காரர்போல வேஷம் போட்டுக்கொண்டு இருட்டில் தப்பித்துக் கடலூர்ப் பக்கம் ஓடிவிட்டார். பெயர் ராபர்ட் கிளைவ். அவர் பிற்பாடு என்னவெல்லாம் செய்தார் என்பது தனிக் கதை. நமக்கு இப்போது கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் முக்கியம்.

*

கோட்டை என்பது சுவர் மட்டுமில்லை. சுவருக்கு முன்னால் வெட்டவெளியும் வேண்டும். எதிரி நெருங்கி வந்தால் தெரியவேண்டும். தெரிந்தால் சுடவேண்டும். சுடுவதற்கு நடுவே ஒன்றும் மறைக்கக்கூடாது. சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அந்த வீட்டுக்குள் புகுந்துகொள்வான். மாடியில் ஏறிக் கோட்டைக்குள்ளேயே குறிவைப்பான். இது அந்தக் காலத்து ராணுவ என்ஜினீயர் யாரைக் கேட்டாலும் சொல்லும் பாலபாடம்.

கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தப் பாடம் உடனே ஞாபகம் வந்தது. வடக்குச் சுவரை ஒட்டியிருந்த பிளாக் டவுன் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

1748-ல் ஐரோப்பாவில் சமாதானம். வட அமெரிக்காவில் லூயிபூர்க் என்கிற கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மதராஸை வாங்கிக்கொண்டது இங்கிலாந்து. பண்டமாற்றுதான். 1749-ல் கம்பெனி மறுபடியும் கோட்டைக்குள் வந்தது.

'நம்ம ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க, இனி வீட்டைக் கட்டிக்கலாம்' என்று பிளாக் டவுன்காரர்கள் நினைத்திருந்தால் அது தப்புக்கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் செய்த வேலை சரியான வேலைதான் என்று கம்பெனியும் முடிவு செய்தது. பாதி இடித்து என்ன பிரயோஜனம்? 1756-ல் மறுபடி ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதும் வேகம் பிடித்தது. 1757-ல் மிச்சமிருந்த ஊரும் போயிற்று. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சேர்த்துத்தான்.

ஆக, எதிரி ஆரம்பித்த வேலையை ஆண்டவர்கள் முடித்துவைத்தார்கள்.

கம்பெனியின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருந்தது. 1758 டிசம்பரில் லாலி என்கிற பிரெஞ்சுத் தளபதி நிஜமாகவே வந்து முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேரும்வரை கோட்டை தாக்குப்பிடித்தது. வெட்டவெளி கைகொடுத்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முற்றுகையில் லாலியின் படை எங்கே தங்கியது? இடம்பெயர்ந்துபோன ஜனங்கள் இருந்த புதிய பிளாக் டவுனில். கொள்ளை போனது யார் சொத்து? அவர்களுடையது. கோட்டையைக் காப்பாற்றுவதற்காக வீட்டை இழந்தவர்கள், அந்தக் கோட்டையின் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள்.

*

அந்தப் புதிய பிளாக் டவுன்தான் நீங்கள் மண்ணடியில் மாடிப்படி ஏறி வந்து பார்ப்பது.

இங்கே ஏற்கெனவே இரண்டு பேட்டைகள் இருந்தன. கடல் பக்கம் முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. நடுவே பள்ளமும் சாக்கடையுமாக ஓர் ஓடை. இடிபட்ட ஊரின் ஜனம் இந்தப் பேட்டைகளில் வந்து நெருக்கியடித்துக்கொண்டது. வந்தவர்கள் பழைய பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். பேட்டைகள் இரண்டும் சேர்ந்து பிளாக் டவுன் ஆயின. அந்த ஓடையை 1780-களில் ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் மேடாக்கி ரோடு போட்டார். அதுதான் பிராட்வே. அகலமான வீதி என்று பெயர்! இன்றைக்கு அங்கே நடக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இப்போதைய பெயர் பிரகாசம் சாலை.

பிராட்வேயின் மேற்குப் பக்கம், பூக்கடையை ஒட்டி தேவராஜ முதலி தெரு. கண்ணாடிக் கடைகளுக்கும் சாமி படக் கடைகளுக்கும் நடுவே இரண்டு கோபுரங்கள் தெரியும். சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர். ஹைகோர்ட்டிலிருந்து வந்த சாமி இவர்தான். கோயிலை இடித்ததற்குப் பதிலாகக் கம்பெனி இங்கே மாற்று இடமும் கொஞ்சம் பணமும் கொடுத்தது. அது போதவில்லை. கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தன் கையிலிருந்து பெரும் பணம் போட்டார். ஊர்க்காரர்களும் கொடுத்தார்கள். 1760-களில் ஒன்றுக்கு இரண்டாகக் கோயில்கள் எழுந்தன. (ராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவரும் இதே முதலியார்தான்.) இடித்தவனிடம் உத்தியோகம் பார்த்தவரே முன்னால் நின்று கட்டினார் என்பதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அந்தக் காலத்துத் துபாஷிகளின் வாழ்க்கையே அப்படித்தான். கோட்டைக்குள் ஒரு கால், ஊருக்குள் ஒரு கால்.

இப்போது பிராட்வேயின் கிழக்குப் பக்கம் வாருங்கள். கடலுக்கு இணையாக வரிசையாய்த் தெருக்கள். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு. செட்டிகள் இருவரும் கம்பெனியோடு வியாபாரம் செய்தவர்கள். அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனையைத் தேடாதீர்கள். அது ஆர்மீனியன் தெரு. ஆர்மீனியன் என்பது நம் ஜனங்களின் வாயில் புகுந்து அரண்மனைக்காரனாக வெளியே வந்துவிட்டது.

ஆர்மீனியர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? அவர்களும் வெளியேற்றப்பட்டவர்கள்தான்.

பாரசீகத்திலிருந்து வந்து மதராஸில் பட்டும் ரத்தினமும் விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர்கள் ஆர்மீனியர்கள். பலர் வொயிட் டவுனிலேயே வீடு வைத்திருந்தார்கள். 1749-ல் திரும்பி வந்த கம்பெனிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. 'பிரெஞ்சுக்காரன் இருந்தபோது யார் யார் அவனோடு சிரித்துப் பேசினது?' என்கிற மாதிரி. ஆர்மீனியர்களும் கத்தோலிக்கர்களும் கோட்டைக்குள் வீடு வைத்துக்கொள்ளக்கூடாது என்று உத்தரவானது. விதிவிலக்குப் பெற்ற ஓரிருவரில் ஒருவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பணிய மறுத்து அவர்களிடம் சொத்தைப் பறிகொடுத்தவர் அவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் மர்மலாங் பாலத்தைச் சொந்தச் செலவில் கட்டியதும் அவர்தான். அவரை மட்டும் விட்டுவைத்தார்கள். மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள்.

இப்போது நிற்கும் ஆர்மீனிய தேவாலயம் 1772-ல் எழுந்தது. கேட்டைத் தாண்டி உள்ளே போனால் ஹாரன் சத்தம் சட்டென்று தூரத்துக்குப் போய்விடும். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். இங்கேதான் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் அடக்கமாகியிருக்கிறார். பத்திரிகைத் தொழிலில் இருக்கிற யாரும் அவருக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை அவர் 1794-ல் ஆரம்பித்தார். ஆர்மீனியாவில் இல்லை ஐயா, மதராஸில்! 'அஸ்தரார்' என்று பெயர். இரண்டு வருஷம் நடந்தது.

அதே தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயம். இதுவும் இடம்பெயர்ந்த கதைதான். 1642-ல் கோட்டைக்குள் எஃப்ரெம் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஆரம்பித்த கத்தோலிக்க சபை. பிரெஞ்சுப் பாதிரியார் என்ற ஒரு காரணம் போதாதா? கோட்டைக்குள் இருந்த அவர்களுடைய தேவாலயத்தை இடித்தார்கள். அவர்களும் இங்கே வந்தார்கள்.

பக்கத்துத் தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாள். மராட்டிய சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்டதாகக் கோயிலில் சொல்வார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். அம்பாள் முதலில் கோட்டை இருக்கும் இடத்தில்தான் இருந்தாளாம். கோட்டை கட்ட வந்தபோது இங்கே வந்துவிட்டாளாம். அதனால் கோட்டையம்மன் என்றே ஒரு பெயர்.

பெருமாள், சிவன், அம்பாள், ஆர்மீனியர், கத்தோலிக்கர். எல்லோருக்கும் ஒரே பழைய அட்ரஸ். எல்லோரையும் கிளப்பிவிட்டதும் ஒரே கோட்டை.

செத்தவர்களையாவது விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் ஆங்கிலேயர்களின் பழைய இடுகாடு இருந்தது. லாலியின் முற்றுகையில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட்டார்கள். சண்டை முடிந்ததும் கம்பெனி தன் சொந்த ஆட்களின் கல்லறைக் கற்களையே பெயர்த்தெடுத்துக் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றிப் பதித்துவிட்டது. தப்பியவற்றில் ஒன்று, பிற்பாடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலைஹு யேல் தன் பிள்ளை டேவிட்டைப் புதைத்த இடம். வண்டி நிறுத்த இடம் வேண்டும், அந்தக் கல்லறையை இடம் மாற்றலாமா கூடாதா என்று 2023-ல் ஹைகோர்ட்டிலேயே கேஸ் நடந்தது. அன்றைக்குப் பீரங்கிக்கு இடம் தேவைப்பட்டது. இன்றைக்கு காருக்கு.

*

இனி பணக் கணக்குக்கு வருவோம்.

ஊரை அனுப்பியாகிவிட்டது. அங்கேயும் பாதுகாப்பு இல்லை. 1769-ல் ஹைதர் அலி பரங்கிமலைப் பக்கம்வரை வந்து நின்று, கம்பெனியிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதையொட்டிய வருஷங்களில் புதிய பிளாக் டவுனுக்கு வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுந்தது. காண்டிராக்டர், பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டே கொழுத்த ஆசாமி. பிற்காலத்தில் எட்மண்ட் பர்க், பார்லிமென்டில் இவரைக் கிழிகிழியென்று கிழித்தார்.

சுவர் கட்டியாயிற்று. செலவு யார் தலையில்? உள்ளே குடியிருக்கும் ஜனங்கள் தலையில் வரியாகப் போடலாம் என்றது கம்பெனி. வீட்டை இடித்தாய், துரத்தினாய், இப்போது துரத்திய இடத்தில் சுவர் கட்டியதற்குப் பில்லா? ஜனங்கள் கொடுக்கவில்லை. அப்படி வரி போடக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகமும் கிளம்பியது. கடைசிவரை வரி வசூலாகவில்லை. ஆனால் மதிலை ஒட்டிப் போன ரோட்டுக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. வால்டாக்ஸ் ரோடு!

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பார்சல் சர்வீஸ் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் அதே ரோடு. கட்டப்படாத வரிக்கு இவ்வளவு நீளமான ஞாபகச்சின்னம் வேறெங்கும் இருக்குமா தெரியாது. மதிலில் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மிச்சமிருக்கிறது. மேலே பூங்கா போட்டுவிட்டார்கள். பெயர் மாடிப் பூங்கா.

*

இப்போது தெற்கே நடந்து என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கு வாருங்கள். பாரிமுனை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஜனக்கடல். அந்தப் பக்கம் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள், மரங்கள், வெளி. ஏன் இப்படிக் கோடு கிழித்ததுபோல் ஊர் நின்றுபோகிறது என்று யோசித்ததுண்டா?

நிஜமாகவே கோடு கிழித்தார்கள். 1773-ல் கம்பெனி ஆறு கல்தூண்களை நட்டது. இதற்குத் தெற்கே யாரும் ஒரு சுவர் எழுப்பக்கூடாது என்பது அர்த்தம். ஆறில் ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் நிற்கிறது. தினமும் லட்சம் பேர் தாண்டிப்போகிற இடம். இந்தக் கல்தான் ஊரின் எல்லை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

காலி நிலம் நூறு வருஷத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. பீரங்கிகள் ரிட்டையர் ஆனபிறகு அங்கே 1892-ல் ஹைகோர்ட் வந்தது. நிலத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் இடம், கேள்வி கேட்க முடியாமல் நிலத்தை விட்டுப்போனவர்களின் வீட்டு அஸ்திவாரங்களுக்கு மேலே!

1906-ல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் வந்துபோனதை ஒட்டி பிளாக் டவுன் என்ற பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது. பெயர் மாறியது, வழக்கம் மாறவில்லை. பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் 1969-ல் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் கடை போட்டார்கள். பர்மா பஜார். 1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கறி வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு அனுப்பினார்கள். நெரிசல் தாங்கவில்லை என்று காரணம். அதுவும் நியாயமான காரணம்தான்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. கோட்டைக்குப் பாதுகாப்பு, ஊருக்கு மதில், நகரத்துக்குப் போக்குவரத்து. கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தை அழகாக எழுதிவிடுகிறார்கள். எதிர்ப் பக்கத்தில் என்ன எழுதவேண்டும் என்பதுதான் 1757-லிருந்து யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது, ஏனென்றால் முன்னால் நிற்க ஒரு முதலியார் இருந்தார். உஸ்கானின் வீடு தப்பியது, ஏனென்றால் அவர் உஸ்கான். பெயர் தெரியாத நெசவாளியும் சாயக்காரனும் என்ன வாங்கிக்கொண்டு போனார்கள்? எந்தத் தெருவுக்கும் அவர்கள் பெயரை வைக்கவில்லை.

ஆனாலும் அவர்கள் வந்து சேர்ந்த ஊர் உயிரோடு இருக்கிறது. காலை பத்து மணிக்கு மண்ணடியில் நின்று பாருங்கள். மீன்பாடி வண்டியில் இரும்புக் கம்பி போகிறது. நோட்டுப் புத்தகக் கட்டு தலைமேல் போகிறது. பாங்குச் சத்தமும் கோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. மாடியில் பழைய மரத்தூண் வீடு, கீழே பேரிங் கடை. அந்த மாதிரி வீடுகளில் ஒன்றை இடித்துக்கொண்டிருக்கும் தூசியும் ஏதோ ஒரு சந்திலிருந்து வரும்.

ஆகவே சீக்கிரம் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உத்தமம். ஷட்டர்கள் மூடியிருந்தால் வீடுகளின் முகம் தெரியும். மண்ணடியில் ஆரம்பித்து, பட்டணம் கோயில், அரண்மனைக்காரன் தெரு, தம்பு செட்டி தெரு, பாரிமுனைத் தூண், ஹைகோர்ட் ஸ்டேஷன். நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம். ஊர் வந்த வழியிலேயே திரும்பி நடக்கிறீர்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.